காருக்கு ஊர் கேட்கிறவர்

சப்பாத்தைக் கழற்றும்போதே நாகேந்திரம் கேட்டுவிட்டார்: "ஊரில எவடம்?"

கார் வாசலில் நிற்கிறது. விற்கிறவர் சாவியை நீட்டியபடி நிற்கிறார். வாங்க வந்தவர் குனிந்து ரயரைப் பார்க்கிறார். நாகேந்திரம் காரின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் வரவேற்பறைக்குள் போய், இருப்பதில் நல்ல கதிரையில் உட்கார்ந்து, சுவரில் தொங்கும் படங்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்குகிறார். பட்டமளிப்புப் படம் கண்ணில் பட்டால் ஒரு தலையாட்டு. சாமிப் படத்துக்கு அன்றைய பூ வைத்திருந்தால் இன்னொன்று. தேநீர் வருவதற்குள் விற்கிறவரின் தகப்பன் எந்தப் பள்ளிக்கூடம், தாய் வழியில் யார் யாரை முடித்தார்கள், குடும்பத்தில் கோடு கச்சேரி என்று வழக்குக்குப் போனவர்கள் உண்டா என்பதெல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். சந்தேகம் இருந்தால் அங்கிருந்தபடியே கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த மனிதரின் நடுச்சாம நித்திரையைக் குழப்பி விசாரிப்பார். அதற்குப் பிறகும் வெளிச்சம் மிஞ்சினால் காரைப் பார்ப்பார்.

"ஓனரை வீட்டில பாத்தால் காரைக் கராஜில பாக்கத் தேவையில்லை" என்பது அவர் வாக்கு. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவைத்ததை இவர் காருக்குத் திருப்பிக்கொண்டார். அந்தக் காலத்து ஆட்கள் தண்ணீர்த் துறை வரைக்குமாவது நடந்தார்கள். இவர் கதிரையை விட்டு எழும்புவதில்லை.

வெள்ளவத்தையில் பழைய கார் வாங்கப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் இவரைத் தாண்டிப் போகப் பயப்படும். "நாகேந்திரத்தாரைக் கூட்டிக்கொண்டு போனனீங்களோ?" என்று பிறகு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற யோசனையிலேயே பாதிப் பேர் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் சிரிப்புத்தான் வரும். ஒரு காப்புறுதிக் கம்பனியின் வாகனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மோதி நசுங்கிய கார்களின் படங்களைத் துளை போட்டுக் கோப்பில் கட்டி அடுத்த மேசைக்கு அனுப்புவது அவர் வேலையாக இருந்தது. அந்தக் கார்களில் ஒன்றையும் அவர் நேரில் பார்த்ததில்லை. ஓட்டவும் தெரியாது. ஒரு முறை பழகப் போனார். பாமன்கடையில் ஒரு மதிலோடு அந்தப் படிப்பு முடிந்தது. ஆனாலும் வாகனப் பிரிவு என்ற பெயர் நம்மவர்களை மயக்கப் போதுமாக இருந்தது.

ஆள் பார்வைக்கு நல்ல எடுப்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட், பையில் மூக்குக்கண்ணாடி, மத்தியானம் வரை அழியாத விபூதிக் குறி. வயிறு அவரை விட அரை அடி முன்னால் போகும். எந்தக் காரிலும் முன் ஆசனம் அவருடையது. பெல்ட்டை மட்டும் பூட்டமாட்டார். அந்த வயிற்றைச் சுற்றி வளைத்து இழுத்துப் பூட்டுவதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஒரு சாண் இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார்; பொலிஸைக் கடந்ததும் விட்டுவிடுவார். "பெல்ட் எல்லாம் ஓடத் தெரியாதவையோட போகேக்க போடுறது" என்று ஓட்டுகிறவருக்கு ஒரு நற்சாட்சியும் கொடுப்பார்.

கார்களை அவர் தரம் பிரிக்கும் விதம் தனி. டொக்டரின் கார் என்றால் மேற்கொண்டு கேள்வி இல்லை. அந்த டொக்டர் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் எத்தனை மதிலை உரசினார் என்று அவர் கேட்டதில்லை. ரீச்சரின் கார் அடுத்த தரம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்களின் கார் அதற்கும் மேலே நிற்கும், ஏனென்றால் "அவைக்குப் பொய் சொல்லி வித்து என்ன வரப்போகுது." யார் எவர் என்று பிடிபடாதவர்களின் கார் கடைசித் தரம், அது நேற்று இறக்கிய புதுக் காராக இருந்தாலும் கடைசித் தரம்தான்.

காசு தொடமாட்டார். அதைச் சொல்லிக் காட்டாமலும் இருக்கமாட்டார். அவருக்கு வேண்டியது கோயில் வீதியில் நாலு பேர் காது கேட்க "இது ஐயா பாத்துத் தந்த கார்" என்று யாராவது சொல்வது. அந்தப் பேச்சுக் கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடுகூட இரண்டாம் பட்சம்.

அவர் கணிப்புப் பிழைத்துப்போன கார்களும் உண்டு. முத்துலிங்கம் மாஸ்டர் இவர் பார்த்துக் கொடுத்த காரில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் புறப்பட்டார். புத்தளம் வருமுன்பே எஞ்சின் வெந்து, நடுவீதியில் பிள்ளை குட்டிகளோடு வெயிலில் நின்றார். திரும்பி வந்து முறையிட்டபோது நாகேந்திரம் கண்ணை மூடி யோசித்தார்.

"வெளிக்கிடேக்க நாலு ரயருக்கும் தேசிக்காய் வைச்சனீங்களோ?"

மூன்றுக்குத்தான் எலுமிச்சை வைத்தார்களாம். ஒன்று உருண்டு வீதியோரக் கானுக்குள் போய்விட்டதாம்.

"பாத்தியளே" என்றார் நாகேந்திரம்.

வெட்கம் கெட்ட பதில். ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற மாஸ்டர், பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர், தலையை ஆட்டிக்கொண்டு போனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்ட தலைகள் இருக்கும்வரை நாகேந்திரத்துக்கு என்ன குறை?

இடக்கை விஷயத்தில் அவர் நெருப்பு. இடக்கையால் தேநீர் கொடுத்தால் வாங்கமாட்டார். கடைக்காரன் மிச்சக் காசை இடக்கையால் நீட்டினால், அவன் கையை மாற்றும்வரை வரிசை முழுவதையும் காக்க வைத்துக்கொண்டு நிற்பார். "கை மாறினால் காரியம் மாறும்" என்பார். மருமக்கள் எல்லோரும் சின்ன வயதில் இதற்காக அவரிடம் குட்டு வாங்கியவர்கள்.

களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியும் பேலியகொடையும் முங்கி வடிந்த பிறகு அவருக்குப் புதுப் பாடம் ஒன்று கிடைத்தது. வெள்ளத்தில் நின்ற கார்களைக் கழுவித் துடைத்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. நாகேந்திரம் அதை மனப்பாடம் செய்துவிட்டார். கலியாண வீட்டில் சொன்னார், கோயிலில் சொன்னார், ஒரு செத்த வீட்டில் பிரேதம் எடுக்கக் காத்திருந்த இடைவெளியிலும் சொன்னார்.

"வெளியில எல்லாத்தையும் கழுவலாம். சீற்றை மாத்தலாம், கார்ப்பெற் புதுசு போடலாம், சென்ற் அடிக்கலாம். பெல்ட் சுருண்டு கிடக்கிற இடத்தை ஒருத்தரும் நினைக்கிறேல்லை. பெல்ட்டைக் கடைசி மட்டும் இழுத்துப் பாருங்கோ. உள்ளுக்க சேறு கிடந்தால் அது தண்ணி குடிச்ச கார். இண்டைக்கு ஓடும், நாளைக்கு நடுறோட்டில நிக்கும். வாயைத் திறக்காமல் திரும்பி வந்திடுங்கோ."

அவர் வாழ்நாளில் கார் பற்றிச் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை இதுதான்.

டிலக்ஷி அவருடைய தங்கையின் மகள். கணவன் கட்டாரில். வெள்ளவத்தையில் மாடிவீடொன்றின் சமையலறையில் விடியுமுன் எழும்பி, அலுவலகக்காரருக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவள். ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் யார்ட் ஒன்று, தங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் நாள்தோறும் சோறு தர முடியுமா என்று அவளைக் கேட்டிருந்தது. வருகிற திங்கட்கிழமை தொடங்க வேண்டும். மத்தியானத்துக்கு முன் சோறு அங்கே நிற்க வேண்டும். முச்சக்கர வண்டிக்காரர்களை நம்பி இறங்கினால் சோறு மருதானைச் சந்தியிலேயே புளித்துவிடும். ஆகையால் ஒரு சின்னக் கார் தேவை. கணவன் அனுப்பியதும், அவள் அடுப்படியில் நின்று சேர்த்ததும், காதில் கழுத்தில் கிடந்ததும் சேர்ந்தால் ஒரு கார் வாங்கலாம். அது பழுதாய்ப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. யார்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். இதை அவள் மாமாவிடம் விளக்கமாகச் சொன்னாள்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் இருக்கிறன்" என்றார் மாமா.

டிலக்ஷிக்கு விருப்பம், கார் திருத்துகிற, தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காரைத் தூக்கி அடியில் பார்ப்பது. அவள் தாய் விடவில்லை. "அண்ணை இருக்க நீ ஒரு கராஜ்காரனைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் பிறகு எங்கட வாசல் மிதியார்." ஒரு மனிதர் கோபிப்பார் என்பதற்காக ஒரு பெண் தன் முழுப் பிழைப்பையும் அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. நம்முடைய குடும்பங்களில் இதற்கு மரியாதை என்று பெயர்.

முதலில் பார்த்தது கொட்டாஞ்சேனையில், ஸாலிஹ் என்பவரின் நீலக் கார். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் வீடு. மனிதர் காய்ச்சலில் துவண்ட குழந்தையை வலத் தோளில் போட்டு வலக்கையால் அணைத்துக்கொண்டு வந்தார். இடக்கையால் சாவியை நீட்டினார். நாகேந்திரத்தின் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. சாவியை டிலக்ஷிதான் வாங்கினாள்.

"முதல்லயே செல்லிர்ரேன் தங்கச்சி" என்றார் ஸாலிஹ். "இடப்பக்கக் கதவுல பஸ் ஒண்டு தட்டின. தகரம் நிமித்திப் பெயின்ட் அடிச்சீக்கி. மத்தப்படி ஒண்டும் இல்ல. உங்கட பாஸ் ஒராளக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, நல்லாப் பாத்து எடுங்க."

அன்றைக்கு நாகேந்திரம் காரைப் பார்த்தார். அப்படிப் பார்த்தார். எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே மூக்கை நீட்டினார். ரயரை உதைத்தார். பிறகு ஸாலிஹின் முகத்துக்கு நேரே ஒவ்வொரு கதவாகத் திறந்து, எல்லா ஆசனத்துப் பெல்ட்டையும் கடைசி வரை உருவினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்து, விரலை முகர்ந்தும் பார்த்தார். எல்லாம் சுத்தம். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

முச்சக்கர வண்டியில் திரும்பும்போது தீர்ப்புச் சொன்னார். "வேண்டாம்."

"ஏன் மாமா?"

"அடிபட்ட கார். அவனே சொல்லுறான்."

"சொல்லிப்போட்டார்தானே. மறைச்சிருந்தால்தானே பயம்."

"ஆர் எவர் எண்டு ஒண்டும் விளங்கேல்லை. ஆரிட்ட விசாரிக்கிறது? சாவியையும் இடக்கையால தாறான்."

"கையில பிள்ளை இருந்ததெல்லோ மாமா."

"பிள்ளையை மற்றக் கையில வைச்சிருக்கலாம்."

உண்மை சொன்ன ஒரு மனிதனை அந்த உண்மையைக் கொண்டே தள்ளிவைத்தாகிவிட்டது. டிலக்ஷி வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த நீலக் கார் அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது வெள்ளவத்தையிலேயே, இராமகிருஷ்ண வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், யோகரட்ணம் என்பவரின் வெள்ளைக் கார். மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வீடு. சப்பாத்தைக் கழற்றும்போது நாகேந்திரம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் வாழ்க்கையிலேயே அதற்கு இவ்வளவு இனிப்பான பதில் வந்ததில்லை.

"சண்டிலிப்பாய்."

நாகேந்திரத்தின் கை சப்பாத்தோடு நின்றது. "சண்டிலிப்பாயில?"

"அம்மன் கோயிலடி. நொத்தாரிசு வீட்டு ஆக்கள் எண்டு சொல்லுவினம்."

"நொத்தாரிசு சின்னையாற்ற பேரனோ நீங்கள்? நான் கோயிலுக்கு வடக்கால. மணியகாரன் வளவுக்குப் பக்கத்து வீடு."

ஊருக்கே காணி உறுதி எழுதிய நொத்தாரிசின் பேரன்; அதோடு காரின் விசாரணை முடிந்தது. சுவரில் சாமிக்கு அன்றைய பூ இருந்தது. பக்கத்தில் பட்டமளிப்பு அங்கியோடு ஓர் இளைஞன், இன்னொரு படத்தில் அதே இளைஞன் பனிக்குள்.

"மகன் கஜீவன். டொரொன்டோவில. இன்னும் சம்பந்தம் ஒண்டும் பாக்கேல்லை" என்றார் யோகரட்ணம், கேட்காமலே.

இங்கே ஹம்சிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகேந்திரத்தின் ஒரே மகள். கணக்காய்வு அலுவலகமொன்றில் நல்ல வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வந்த சம்பந்தங்களையெல்லாம் இவர் காரைப் போலவே விசாரித்து விசாரித்துக் கலைத்தார். வரத்து நின்றுபோய் இரண்டு வருடம். மனைவி நாகேஸ்வரி அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மகள் அவர் இருக்கும் நேரம் வீட்டில் தங்குவதில்லை. கோயில் வீதியில் பெரிய மனிதராக நடக்கிறவர் தன் வீட்டு மேசையில் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு வலித்தது. பனிக்குள் நிற்கும் அந்த இளைஞனை அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

வடையும் தேநீரும் வந்தன. அதன்பின் நெடுநேரம் கார் என்ற சொல் அந்த அறையில் எழவில்லை; பேச்சு ஊரையும் பிள்ளைகளையும் யோகரட்ணத்தின் ஸ்டோரையும் சுற்றியது. டிலக்ஷி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கீழே வாகனத் தரிப்பிடத்துக்குத் தனியாகப் போனாள். திரும்பி வந்து மாமாவின் காதோடு சொன்னாள்.

"மாமா, கதவைத் திறக்கச் சந்தன மணம் தலையிடிக்குது."

"சாமி நம்பிக்கை உள்ள ஆக்களின்ர கார் அப்பிடித்தான் மணக்கும்."

"கார்ப்பெற் எல்லாம் புத்தம் புதுசாக் கிடக்கு."

"கவனமாப் பாவிக்கிற ஆக்கள், பிள்ளை."

டிலக்ஷி யோகரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்கட ஸ்டோர் பேலியகொடையில எண்டு சொன்னனீங்கள். வெள்ளம் வந்ததோ?"

"ஸ்டோருக்குள்ள வந்தது பிள்ளை. சாமான் கொஞ்சம் போயிட்டுது." யோகரட்ணம் வடைத் தட்டை நாகேந்திரத்தின் பக்கம் தள்ளினார். "கார் இஞ்ச வீட்டில நிண்டது."

"நான் சும்மா கேட்டனான். ஒருக்காக் கராஜில காட்டிப்போட்டு…"

"பிள்ளை" என்றார் நாகேந்திரம். "நொத்தாரிசு வீட்டுக் காரைக் கராஜுக்குக் கொண்டு போறதோ? பெண் பாக்கப் போன இடத்துக்கு டொக்டரைக் கூட்டிக்கொண்டு போற மாதிரியெல்லோ இருக்கு. பெரிய ஆக்களிட்ட அப்பிடிக் கதைக்கக் கூடாது."

டிலக்ஷியின் முகம் சிவந்தது. யோகரட்ணத்தின் மனைவி, பரவாயில்லை, சின்னப் பிள்ளைதானே என்றாள். சின்னப் பிள்ளைக்கு வயது முப்பத்துநான்கு.

எல்லோருமாகக் கீழே இறங்கினார்கள். நாகேந்திரம் காரின் மூடியை ஒருமுறை தடவிவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கண்ணாடியூடாகக் கும்பிட்டார். அவருடைய பரிசோதனை அவ்வளவுதான். டிலக்ஷி பின்கதவைத் திறந்து பெல்ட்டில் கை வைத்தாள். மாமா சொல்லிக் கொடுத்த பாடம்தானே. மாமா புருவத்தைச் சுருக்கி மெல்லத் தலையை அசைத்தார்.

"உதெல்லாம் பிறத்தி ஆக்களிட்டப் பாக்கிறது" என்றார் தணிந்த குரலில்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்" என்றார் யோகரட்ணம். டிலக்ஷி ஓட்டினாள். பக்கத்தில் நாகேந்திரம். அவளுக்குப் பின்னால் யோகரட்ணம். கார் காலி வீதிக்கு ஏறி, சந்தைப் பக்கத்து நெரிசலுக்குள் ஊர்ந்தது. ஓட்டம் மெதுவாகவும் சத்தமில்லாமலும் இருந்தது. டிலக்ஷியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிச்சி வந்தது. பின் ஆசனத்தை மடித்தால் எத்தனை பெட்டி சோறு அடுக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சமிக்ஞை விளக்கில் நின்றபோது பொலிஸ்காரர் ஒருவர் இடப்பக்கக் கண்ணாடியில் தட்டினார். நாகேந்திரம் வழக்கம்போல் ஒரு சாண் இழுத்து நெஞ்சில் பிடித்தார். பொலிஸ்காரர் போகவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்து, பெல்ட்டைச் சரியாகப் பூட்டும்படி சிங்களத்தில் சொன்னார்.

"பெல்ட் எக்க ஹரியட்ட தாகன்ன மாத்தயா."

"ஹரி, ஹரி" என்று சிரித்தபடி நாகேந்திரம் இழுத்தார். வயிற்றின் பாதியில் பெல்ட் நின்றது. இன்னும் இழுத்தார். மூச்சை உள்ளே பிடித்து, உடம்பைத் திருப்பி, பூட்டுத் துளை எட்டும்வரை ஒரே இழுப்பாக இழுத்தார். கதவோரத் தூணுக்குள்ளிருந்து கரகரவென்று ஏதோ தேய்கிற சத்தத்தோடு கடைசிப் பாகமும் வெளியே வந்தது. கிளிக் என்று பூட்டியது. பொலிஸ்காரர் தலையசைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

நாகேந்திரத்தின் இடத் தோளில் ஏதோ உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். நெஞ்சின் மேல் கிடந்த பெல்ட் சாம்பல் நிறம், கழுவிய சுத்தம். தோளுக்கு மேலே தொடங்கி அது முழுக்க மண்ணிறமாக இருந்தது. காய்ந்து வெடித்த சேறு. கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்டில் கை அகலத்துக்கு ஒரு கறை விழுந்திருந்தது. சந்தன மணத்தை மீறி ஆற்று வண்டலின் நாற்றம் மூக்கில் ஏறியது.

விளங்காமல் இல்லை. செத்த வீட்டில்கூடச் சொன்ன பாடம் ஆயிற்றே. புதுக் கார்ப்பெற்றும் சந்தன மணமும் எதற்கென்று அந்தக் கணத்தில் அவருக்கு ஒன்று விடாமல் விளங்கியது. திங்கட்கிழமை ஒருகொடவத்தை வீதியில் சோற்றுப் பெட்டிகளோடு இந்தக் கார் நிற்கப்போவதும் தெரிந்தது. அவர் வாய் திறந்தது.

"மாமா, ஸ்டியரிங் நல்ல லேசாக் கிடக்கு" என்றாள் டிலக்ஷி, வீதியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பின் ஆசனத்திலிருந்து யோகரட்ணம் முன்னால் சாய்ந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து அந்தத் தோள் நன்றாகத் தெரியும். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இண்டைக்குக் கஜீவனுக்குக் கோல் எடுக்கிறன். மகளின்ர சாதகக் குறிப்பை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. நொத்தாரிசு வீட்டுக்கும் மணியகாரன் வளவுப் பக்கத்துக்கும் சம்பந்தம் எண்டால் ஊரில சந்தோசப்படுவினம்."

திறந்த வாயில் வேறு சொல் வந்தது.

"அனுப்புறன்" என்றார் நாகேந்திரம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியை ஓரங்கட்டு என்றிருந்தாலே போதும்; மிச்சத்தை டிலக்ஷி தானே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு, தான் பிழையான வீட்டுக் கதிரையில் இருந்து வடை தின்றதை ஒத்துக்கொள்ள வேண்டும். பனிக்குள் நிற்கும் மாப்பிள்ளையையும் விட வேண்டும். தங்கையின் மகளுடைய பிழைப்பு அந்தத் தராசில் மற்றத் தட்டில் இருந்தது. மனிதர் நெடுநேரம் நிறுத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

தரிப்பிடத்துக்குத் திரும்பினார்கள். நாகேந்திரம் பூட்டைக் கழற்றி, பெல்ட்டைச் சடாரென்று விடாமல், கையால் தாங்கித் தாங்கி உள்ளே அனுப்பினார். சேறு பிடித்த பாகம் முதலில் போனது. சுத்தமான சாம்பல் பாகம் வந்து மூடிக்கொண்டது. அவர் இறங்கும்போது வலக்கை இடத் தோளைப் பொத்தியிருந்தது.

"தோள் நோகுதோ மாமா?"

"பிடிப்பு."

டிலக்ஷி காரைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள். "சொல்லுங்கோ மாமா. எடுக்கவோ? நீங்கள் சொன்னால் எனக்குச் சரி."

"எடு பிள்ளை" என்றார் நாகேந்திரம். "நல்ல குடும்பம்."

யோகரட்ணம் சாவியை நீட்டினார். வலக்கையால், இடக்கையால் முழங்கையைத் தாங்கி, முறைப்படி. டிலக்ஷி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சுற்றிலும் ஆட்கள் நிற்பதையும் பாராமல், அந்தச் சீமெந்துத் தரையில் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள்.

நாகேந்திரத்தின் வலக்கை தோளை விட்டு அசையவில்லை. அவர் இடக்கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.